தீக்காய நோயாளியிடம் தோலைக் கடைசியாகப் பாருங்கள்

தீக்காயம் பட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் உருட்டிக்கொண்டு வரும்போது எல்லோர் கண்ணும் வெந்த தோல் மேல்தான் போகும். உரிந்து தொங்கும் தோலும் கருகி ஒட்டிய துணியும் அந்த வாடையும் சேர்ந்து யாரையும் பதற வைக்கும். உடனே ஒருவர் டிரெஸ்ஸிங் டிரே எடுக்க ஓடுவார், இன்னொருவர் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு டப்பாவைத் திறப்பார். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் உயிரை எடுப்பது தோல் இல்லை. வீங்கி அடைக்கும் மூச்சுக்குழாய், புகையோடு உள்ளே போன கார்பன் மோனாக்சைடு, யாரும் தேடாமல் விட்ட உள்ரத்தக்கசிவு, தலைக்காயம் ஆகியவைதான் எடுக்கும். தோலால் வரும் ஷாக்குக்கு, அதாவது உடம்பின் நீர் கசிந்து ரத்தஓட்டம் குறைந்துபோவதற்கு, சில மணி நேரம் ஆகும். கிருமித்தொற்றுக்குச் சில நாள் ஆகும்.

பாடத்திட்டத்தில் விபத்துக்காயம், தீக்காயம், நரம்பியல், மனநலம் என்று நான்கும் தனித்தனி யூனிட்டாக இருக்கும். கட்டிலில் அப்படி இருக்காது. சிலிண்டர் வெடித்துச் சுவரில் தூக்கி அடிக்கப்பட்டவருக்குத் தீக்காயத்தோடு விலா எலும்பும் உடைந்திருக்கலாம், மண்டையும் அடிபட்டிருக்கலாம். தன்மேல் தீ வைத்துக்கொண்டவர் வலி தாங்காமல் ஓடி மாடிப்படியில் விழுந்திருக்கலாம். கேஷுவாலிட்டியிலோ தீக்காய வார்டிலோ புதிதாக டியூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். எதை முதலில் பார்ப்பது, எங்கே ஏமாந்துபோவோம் என்பதுதான் விஷயம்.

முதலில் மூச்சுக்குழாய். மூடிய அறைக்குள் எரிந்ததா, திறந்த வெளியிலா என்று கூட வந்தவர்களிடம் கேளுங்கள். மூடிய அறை என்றால் முகத்தில் காயமே இல்லாவிட்டாலும் சந்தேகம் வர வேண்டும். மூக்குமுடி கருகியிருக்கிறதா, துப்பும் சளியில் கரி இருக்கிறதா, உதடும் நாக்கும் தடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பேச வையுங்கள். குரல் கரகரத்திருந்தால், “எப்பவும் இவர் குரல் இப்படித்தானா?” என்று வீட்டாரிடம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும்வரை காத்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடும் வழி பாதி அடைத்திருக்கும். வீக்கம் முதல் 24 மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். இப்போது நன்றாகப் பேசுகிறவருக்கு நான்கு மணி நேரம் கழித்து ட்யூப் போட முடியாமல் போகலாம்.

ட்யூப் போட்ட பிறகு வேலை முழுக்க நம் கையில். வெந்த முகத்தில் பிளாஸ்டர் ஒட்டாது. பருத்தி நாடாவால் தலையைச் சுற்றிக் கட்ட வேண்டும், ஒரு விரல் நுழையும் அளவு இடம் விட்டு. அந்த இடம் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும், ஏனென்றால் முகம் வீங்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டாவிட்டால் உதட்டோரத்திலும் காதுமடலிலும் நாடா அறுத்துவிடும், ஏற்கெனவே வெந்த காதுமடல் போனால் போனதுதான். பல்வரிசையில் ட்யூப் எந்த சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது என்று சார்ட்டில் எழுதுங்கள். ட்யூப்பை வெளியே குட்டையாக வெட்டக் கூடாது, உதடு வீங்கினால் ட்யூப் உள்ளே போய்விடும். கழுத்தெலும்பில் அடியில்லை என்று தெளிவானதும் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். வீக்கம் குறைய இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நோயாளி வந்து சேர்ந்தவுடனேயே கண்களைப் பாருங்கள். சில மணி நேரத்தில் இமை வீங்கி மூடிக்கொண்டால் கருவிழிக் காயத்தையும் பார்க்க முடியாது, கண்பாப்பாவின் (ப்யூப்பில்) அளவையும் பார்க்க முடியாது. முதல் அளவை எழுதி வைக்காவிட்டால், பின்னால் தலைக்காயச் சந்தேகம் வரும்போது ஒப்பிட ஒன்றுமே இருக்காது. நோயாளியிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: “கண்ணு வீங்கி மூடிக்கும்மா, ரெண்டு மூணு நாள்ல வீக்கம் வடிஞ்சதும் திறக்கும், பார்வை போயிடலை.” சொல்லாவிட்டால் குருடாகிவிட்டோம் என்று நினைத்து இருட்டில் கிடந்து தவிப்பார்கள். நிறைய வார்டுகளில் இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படுவதே இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

அடுத்து பல்ஸ் ஆக்ஸிமீட்டர். புகைக்குள் இருந்தவரின் விரலில் அது 98 காட்டினால் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் ஒட்டிய ஹீமோகுளோபினுக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடும். ஆகவே எண் என்ன காட்டினாலும், பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் போக வேண்டும், பை முழுக்க உப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றை மூச்சுவிட்டால் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். 100% ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். “சாச்சுரேஷன் நல்லா இருக்கே” என்று மாஸ்க்கைக் கழற்றி மூக்கில் வைக்கும் சிறு குழாய்க்கு (நேசல் பிராங்ஸ்) மாற்றுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

இப்போது இரண்டு விஷயங்களை மனதில் அழுத்தமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தீக்காயம் தொடக்கத்தில் யாரையும் மயங்க வைக்காது. உடம்பில் முக்கால்வாசி வெந்தவர்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், பிள்ளை எங்கே என்பார். “நல்லா பேசுறா சிஸ்டர், ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று வீட்டார் கேட்பது இதனால்தான். ஆகவே வந்தவுடன் ஒருவர் குழம்பியோ தூங்கி வழிந்தோ இருந்தால் காரணம் வேறு: கார்பன் மோனாக்சைடு, தலைக்காயம், சர்க்கரை குறைவு, குடித்திருப்பது, எதையாவது விழுங்கியிருப்பது. அதேபோல் தீக்காயம் முதல் அரை மணி நேரத்தில் ரத்தஅழுத்தத்தைக் கீழே தள்ளாது. வந்தவுடனே பி.பி.யின் மேல் எண் (சிஸ்டாலிக்) 80 என்றால் நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு எங்கேயோ ரத்தம் போகிறது என்று தேட வேண்டும். ரத்தக்கசிவு உறுதியானால் அதைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும், 1 கிராம் 10 நிமிடத்தில், இன்னொரு 1 கிராம் 8 மணி நேரத்தில். 3 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை, கெடுதலும் ஆகலாம். அதனால்தான் அடிபட்ட நேரத்தைச் சரியாகக் கேட்டு எழுதுவது முக்கியம்.

முதுகைப் பார்க்காமல் மதிப்பீடு முடியாது. கழுத்தில் காலர், நான்கு பேர் சேர்ந்து லாக் ரோல், அதாவது உடம்பை மரக்கட்டை போல ஒரே நேராகத் திருப்புவது. தலையைப் பிடிப்பவர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்லுக்குத்தான் திருப்ப வேண்டும். உயரத்திலிருந்து குதித்தவர் என்றால் குதிகாலையும் இடுப்பு முதுகெலும்பையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள், இரண்டும் ஒன்றாக உடைவது வழக்கம்.

தலைக்காயத்துக்கு ஜி.சி.எஸ்., அதாவது நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974ல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் கொடுத்த அளவுகோல்தான் இன்றும் நம் கையில். ஆனால் “ஜி.சி.எஸ். 11” என்று கூட்டுத்தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அடுத்த ஷிப்டுக்குப் பயனில்லை. கண் எவ்வளவு, பேச்சு எவ்வளவு, அசைவு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தீக்காயத்தில் கண் வீங்கி மூடியிருந்தால் அந்த இடத்தில் ‘சி’ (C, closed), ட்யூப் இருந்தால் பேச்சுக்கு ‘டி’ (T, tube). அப்போது மிச்சம் இருப்பது அசைவு மட்டும்தான். அதில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் உடனே சொல்ல வேண்டும். வலி கொடுத்துப் பார்க்க நெஞ்செலும்பைத் தேய்க்காதீர்கள், வெந்த நெஞ்சில் அது கொடுமை. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள தசையைக் கிள்ளிப் பாருங்கள், இல்லையென்றால் புருவத்துக்குக் கீழே உள்ள எலும்பு விளிம்பில் அழுத்துங்கள்.

தீக்காயம் பட்ட பெரியவருக்கு நாடித்துடிப்பு 100 முதல் 120 இருப்பது சாதாரணம். அப்படிப்பட்டவரின் துடிப்பு திடீரென்று 60க்கு இறங்கி, பி.பி. ஏறினால் “செட்டில் ஆயிட்டார்” என்று எழுதாதீர்கள். மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளை நசுங்கும் அறிகுறி அது, அதுவும் தாமதமாக வரும் அறிகுறி. மூக்கிலோ காதிலோ தெளிவான நீர் வடிந்தால், கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தால், இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபை மூக்கு வழியாகப் போடக் கூடாது, வாய் வழியாகத்தான். குடித்த வாடை வரும் நோயாளியிடம் கூடுதல் கவனம் வேண்டும். போதை நேரம் ஆக ஆகத் தெளிய வேண்டும். மணிக்கு மணி மந்தமாகிறார் என்றால் அது போதை இல்லை.

இனி திரவம். இங்கேதான் நர்ஸின் கணக்கு உயிரைக் காக்கும். முதலில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரியவருக்குத் தலை 9, ஒவ்வொரு கையும் 9, முன்னுடம்பு 18, பின்னுடம்பு 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்பு 1. கைக்குழந்தைக்குத் தலை மட்டுமே 18, கால் 14க்குள். சிதறிய காயங்களுக்கு நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ 1%. வெறுமனே சிவந்திருக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைச் சேர்ப்பதால்தான் 25% என்பது 40% ஆகிறது.

பார்க்லேண்ட் கணக்குப்படி 4 மி.லி. × எடை (கிலோ) × வெந்த சதவீதம், ரிங்கர் லாக்டேட் டிரிப். 60 கிலோ, 40% என்றால் 9,600 மி.லி. அதில் பாதி, 4,800 மி.லி., முதல் 8 மணி நேரத்தில். இந்த 8 மணி நேரம் தீப்பிடித்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. மாவட்ட மருத்துவமனையிலிருந்து ரெஃபர் ஆகி இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால், இடையில் ஒன்றும் ஏறவில்லை என்றால், 4,800 மி.லி.யை 6 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும், மணிக்கு 800 மி.லி. வரும் வழியில் ஏறியதைக் கழித்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் ரெஃபரல் சீட்டில் எத்தனை பாட்டில் என்று பார்ப்பது. மணிக்கு 800 மி.லி. என்றால் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 267 சொட்டு. யாராலும் எண்ண முடியாது. ஆகவே இரண்டு பெரிய லைன், 500 மி.லி. பாட்டில் ஒவ்வொன்றும் முடிய வேண்டிய நேரத்தை பிளாஸ்டரில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். மொத்தமாக ஒரு பாட்டில் 37 நிமிடத்தில் காலியாக வேண்டும். நல்ல தோல் கிடைக்காவிட்டால் வெந்த தோல் வழியாகவும் வென்ஃப்ளான் (டிரிப் ஊசிக்குழாய்) போடலாம், ஆனால் ஒட்டாது, பேண்டேஜ் சுற்றியோ தையல் போட்டோ நிறுத்த வேண்டும்.

இப்போது பல இடங்களில் பெரியவருக்கு 2 மி.லி.யிலிருந்தே தொடங்குகிறார்கள், மின்சாரத் தீக்காயத்துக்கு மட்டும் 4. எந்தக் கணக்கில் தொடங்கினாலும் அது தொடக்கம் மட்டும்தான். அதன்பின் வழிகாட்டுவது யூரோ பேக், அதாவது சிறுநீர் சேரும் பை. பெரியவருக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. சிறுநீர் வர வேண்டும், 60 கிலோவுக்கு 30. சிறு குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மி.லி. குறைந்தால் திரவத்தைக் கூட்ட வேண்டும், 50க்கு மேல் தொடர்ந்து வந்தால் குறைக்க வேண்டும். இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். சிறுநீர் நிறைய வந்தால் சந்தோஷப்பட்டு அப்படியே ஓடவிட்டால் நுரையீரலில் நீர் சேரும், வயிறு இறுகிச் சிறுநீரே நின்றுபோகும். சிறுநீர் குறைந்தவுடன் சிறுநீரைக் கூட்டும் லேசிக்ஸ் மருந்தைக் கேட்டு வாங்கிப் போடுவதும் தப்பு, அதற்குப்பின் சிறுநீரின் அளவு எதையும் சொல்லாது. மின்சாரம் தாக்கியவரின் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் தசை அழிந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் மணிக்கு 75 முதல் 100 மி.லி. வரும்படி திரவம் ஓட வேண்டும். அவருக்கு வெளிக்காயம் உள்ளங்கையில் ஒரு பொட்டு அளவு மட்டும் இருக்கலாம், சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஈ.சி.ஜி. மானிட்டரும் அவருக்குக் கட்டாயம்.

மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் முதல் பத்து நிமிடத்திலேயே கழற்றுங்கள். குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் அரைஞாண் கயிறு, அதை எல்லோரும் மறப்பார்கள். தாலிக்கயிறு கழுத்து வீக்கத்தில் புதைந்துகொள்ளும். கழற்றச் சொன்னால் மாமியார் தடுப்பார். மஞ்சள் துணியில் முடிந்து தாயார் கையில் கொடுத்துவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையையோ காலையோ முழுக்கச் சுற்றி வெந்திருந்தால் அந்தத் தோல் பெல்ட் போல இறுகும். இருதய மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, மணிக்கு ஒருமுறை நாடியும் விரல்நுனியின் நிறமும் பாருங்கள். நோயாளி விரல் மரத்துப்போகுது என்றால் நாடி கிடைக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், நாடி போவது கடைசியில்தான். நெஞ்சைச் சுற்றி வெந்து மூச்சு மேலோட்டமானால் இறுகிய தோலைக் கீறிவிட சர்ஜன் அப்போதே வர வேண்டும்.

வலிக்கு மார்ஃபின் ரத்தநாளம் (ஐ.வி.) வழியாகத்தான், சிறு அளவுகளாக. தசையில் போட்டால் ஷாக்கில் ரத்தஓட்டம் குறைந்திருக்கும்போது அங்கேயே தேங்கும். வலி குறையவில்லை என்று மறுபடி போடுவோம். ரத்தஓட்டம் திரும்பியதும் எல்லாம் சேர்ந்து ஏறி மூச்சு நிற்கும். திமிறுகிற நோயாளிக்கு மார்ஃபினோ, அமைதிப்படுத்தும் ஹாலோபெரிடாலோ போடும் முன் ஆக்சிஜன் குழாய் மடங்கியிருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு, கத்தீட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். திமிறல் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவின் குரல். கைகளைக் கட்டிலோடு கட்டுவது வேண்டவே வேண்டாம். வீங்கும் கையில் கட்டிய துணி ரத்தஓட்டத்தை நிறுத்திவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஆபத்து தலைக்கு மேல் இருக்கும்போது மட்டும், அதுவும் எழுதி வைத்து, மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டுமே கட்டுவதை அனுமதிக்கிறது.

காயம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் என்றால் ஓடும் குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம் பலன் தரும். ஐஸ் கூடாது. பெரிய காயம் என்றால் உடம்பு சில்லிட்டுப்போகும், காயத்தை மட்டும் நனைத்துவிட்டு மற்ற இடத்தைப் போர்த்துங்கள். வீட்டில் ஊற்றிய இட்லி மாவு, இங்க், பற்பசை எல்லாவற்றையும் மெதுவாகக் கழுவி எடுத்த பிறகுதான் ஆழமே தெரியும். வலியே இல்லாத வெள்ளை, மெழுகு போன்ற இடம்தான் ஆழமானது. சில்வர் சல்ஃபாடையசினை முகத்தில் கண்ணருகே தடவாதீர்கள், பிறந்த குழந்தைக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் சல்ஃபா ஒவ்வாதவருக்கும் கூடாது. வேறொரு யூனிட்டுக்கு ரெஃபர் ஆகப் போகிறவருக்கு எந்தக் களிம்பும் வேண்டாம், சுத்தமான துணி போதும், இல்லையென்றால் அங்கே மறுபடி தேய்த்துக் கழுவித்தான் பார்ப்பார்கள். தலையணை வைக்காதீர்கள், கழுத்து வெந்திருந்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போகும். நோயாளிக்கு எது சுகமான படுக்கை நிலையோ அதுவே பின்னால் தோல் சுருங்கி ஒட்டும் நிலை, ஆகவே கைமூட்டு நீட்டி, அக்குள் விரித்து, முழங்கால் நேராக, பாதம் 90 டிகிரியில், முதல் நாளிலிருந்தே.

மனம். “ஸ்டவ் வெடிச்சிருச்சு” என்று கணவர் சொல்வார், கட்டிலில் இருப்பவர் பேசாமல் இருப்பார். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும் முன் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, தனியாக, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள். “யாராவது ஏதாவது பண்ணாங்களாம்மா? இல்ல, நீங்களே உயிரை விட்டுடலாம்னு நினைச்சீங்களா?” நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் கிடைத்தார் என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள். மாஜிஸ்ட்ரேட் வாக்குமூலம் வாங்க வந்தால் கடைசி மார்ஃபின் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது சார்ட்டில் தெளிவாக இருக்க வேண்டும், அவர் பேசும் நிலையில் இருந்தார் என்று டாக்டர் சான்று தர அது தேவைப்படும். உடம்பிலிருந்து எடுத்த துணியைக் குப்பையில் போடாதீர்கள். உலரவிட்டுக் காகித உறையில் வைத்துச் சீல் இடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் நோயாளி கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால் தீக்காயக் காய்ச்சல் என்று ஒதுக்காதீர்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்று மனைவியிடம் கேளுங்கள். குடி நிறுத்திய 48 முதல் 96 மணி நேரத்தில் வரும் டெலிரியம் (புத்தித் தடுமாற்றம்) உயிரை எடுக்கும், தீக்காயத்தின் படபடப்பும் சூடும் அதை மறைத்துவிடும். அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர் வார்டின் மூலையில் அமைதியாக இருந்தால் நமக்கு வேலை குறைவு போலத் தோன்றும். அப்படிப்பட்டவரை நர்ஸ் மேசைக்கு நேரே தெரியும் கட்டிலில் போடுங்கள். பழம் வெட்டும் கத்தி, மாத்திரைப் பட்டை, தீப்பெட்டி, நீளத் துப்பட்டா எதுவும் கட்டில் பக்கத்து அலமாரியில் இருக்கக் கூடாது. நாட்கணக்கில் பேசாமல் இருந்தவர் திடீரென்று எல்லோரிடமும் சிரித்துப் பேசி, பொருட்களைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தால் அன்று ராத்திரி டியூட்டிக்கு வருபவரிடம் அதைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். “இப்பவும் அந்த எண்ணம் வருதாம்மா?” என்று ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் கேட்டு, பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐப் பெரிதாக எழுதிக் கொடுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மனநலப் பிரிவு ஓ.பி.யையும் டிரெஸ்ஸிங்குக்கு வரச் சொல்லும் அதே நாளில் போட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் பஸ் காசு இல்லாதவர்கள் டிரெஸ்ஸிங்குக்கு மட்டும்தான் வருவார்கள்.